வடக்குச் சுவர்

காரைக்காலில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனை சின்னது. பெண்கள் வார்டில் நான்கு கட்டில்கள். நான்கும் வடக்குச் சுவரை ஒட்டிப் போட்டவை. ஆக்சிஜன் குழாய், விளக்கு, நர்ஸைக் கூப்பிடும் மணி எல்லாம் அந்தச் சுவரில்தான். சிலிண்டர் அறை அதற்குப் பின்னால் இருப்பதால் அப்படிக் கட்டியிருந்தார்கள்.

எனக்கு லேபில் வேலை. காலையில் ரத்தம் எடுக்க வார்டுக்குப் போவேன். யாருடைய தலையணையும் சுவர்ப் பக்கம் இருக்காது. வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலைவைக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள். நர்ஸ் ஜெயப்ரியா திருப்பிப் படுக்க வைப்பாள். அவள் தலை மறைந்ததும் தலையணை மறுபடி கால்மாட்டுக்குப் போய்விடும்.

பட்டினச்சேரி அஞ்சுகத்தம்மாள் மீன் விற்கிறவர். ஆஸ்துமாவுக்காகச் சேர்ந்திருந்தார். அன்று காலை நான் போனபோது அவருடைய ஆக்சிஜன் குழாய் இழுபட்டுச் சுவரிலிருந்து கழன்று கிடந்தது. மூச்சு வாங்கியது. கைக்கு எட்டாத மணியைக் காலை நீட்டித் துழாவிக்கொண்டிருந்தார்.

குழாயைச் செருகினேன். மூச்சு சீரானதும், இனி சுவர்ப் பக்கம் தலைவைக்கச் சொன்னேன்.

"ஊசி போட்டீங்க, ரத்தம் எடுத்தீங்க, மீன் தின்னாதன்னீங்க. எல்லாத்தையும் கேட்டேன். தலைய மட்டும் விடு பாப்பா."

மாடியில் இதேபோல் இன்னொரு வார்டு தயாராகிக்கொண்டிருந்தது. அங்கும் வடக்குச் சுவரில்தான் குழாய்க்குக் கோடு போட்டிருந்தார்கள். மறுநாள் துளை போடுவார்கள்.

மருத்துவமனையை நடத்தும் டாக்டர் தியாகராசனிடம் நானாக எதுவும் பேசியதில்லை. ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அன்று வைத்துவிட்டு நின்றேன். நடந்ததைச் சொன்னேன். எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்றார் அவர். ஜெயப்ரியா தினமும் சொல்கிறாள் என்றேன்.

"நீங்க சயின்ஸ் படிச்சவங்கதானே. இதையெல்லாம் நம்புறீங்களா?"

"இல்ல சார். ஆனா வீட்ல நானும் தெக்கதான் தலவச்சுப் படுக்குறேன்."

அவர் சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டை அப்படியே விட்டுவிட்டு மாடிக்குப் போய்க் குழாயைத் தெற்குச் சுவருக்கு மாற்றச் சொன்னார். தெற்குச் சுவர் என்றால் குழாய், அறையையே சுற்றி வர வேண்டியிருக்கும் என்று பிளம்பர் முருகானந்தம் முணுமுணுத்தார். வரட்டும் என்றார் டாக்டர்.

கீழ் வார்டில் மணியின் வயரை நீட்டிக் கால்மாட்டில் கட்டினார்கள். ஆக்சிஜனுக்கும் நீளமான குழாய் போட்டார்கள்.

சாயங்காலம் மணி அடித்தது. ஜெயப்ரியா ஓடினாள், பின்னால் நானும். அஞ்சுகத்தம்மாள் தெற்கே தலைவைத்துப் படுத்தபடி மணியைக் கையில் பிடித்திருந்தார்.

"ஒண்ணுமில்ல. கேக்குதான்னு பாத்தேன். போய் வேலையப் பாருங்க."