குழி மூடிய காய்

அடித்த காய் நேராக மூலைக் குழிக்குத்தான் போனது. ஆனால் விழவில்லை. பானைக்கு மூடி போட்டதுபோல் குழியின் மேல் உட்கார்ந்துகொண்டது. ஆயுதபூஜையன்று கோரமண்டல் கிளப்பில் கேரம் போட்டியைத் தொடங்கிவைக்கும் முதல் அடி எப்போதும் ஜம்புலிங்கத்துடையது. கழுத்தில் மாலையோடு குனிந்திருந்தவர், போர்டைக் கையால் துடைத்துவிட்டு இன்னொரு காயை அடித்தார். அதுவும் எதிர்மூலைக் குழியை மூடியது. பொரி வாங்கப் போயிருந்த நான் நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன்.

அவருடைய காயின் கதை எங்கள் ஆண்டர்சன்பேட்டைத் தெருவுக்கே தெரியும். தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் டிரில் பிடிக்கிறவர்களுக்கு அந்த அதிர்வில் விரல் நாளடைவில் மரத்துப்போகும். சின்ன ஸ்ட்ரைக்கர் அவர்கள் விரலுக்குப் புலப்படாது. அதனால் பெரிய ஸ்ட்ரைக்கர், அதற்கேற்ற பெரிய காய், அகலக் குழி வைத்த போர்டு. போர்டை மைன்ஸ் தச்சர்கள் செய்தார்கள். காயை ஜம்புலிங்கத்தின் அப்பா கடைந்தார், பிறகு இவர். இங்கே எல்லாக் கிளப்பிலும் இவர் காய்தான். பக்கத்து ஊர் பங்காருபேட்டையைத் தாண்டினால் அதை யாரும் சீண்டமாட்டார்கள். மனிதர் வேறு ஒரு பம்பரம்கூடக் கடைந்ததில்லை.

அவர் மனைவி சாரதா சொல்லாமலா இருந்தாள்? "ஊர் உலகத்துல ஆடுற காயும் கொஞ்சம் கடஞ்சி வையுங்களேன்" என்பாள். "போடி, பூமிக்கடியில டிரில்லு ஓட்ற வரைக்கும் என் காயும் ஓடும்" என்பார் இவர். என் ஜன்னலும் அவர்கள் பட்டறையும் எதிரெதிரே இருப்பதற்கு நான் என்ன செய்ய?

இந்த வருடம் கிளப் செக்ரட்டரியானவன் வாசு. நம் ஆட்கள் பெங்களூர் போட்டிக்குப் போய் ஒரு காய்கூடப் போட முடியாமல் திரும்பியதும், அவன் அங்கிருந்தே சின்னக் குழி வைத்த புது போர்டுகள் வரவழைத்துவிட்டான். மற்ற கிளப்களும் வாங்கப்போவதாகப் பேச்சு. இதை ஜம்புலிங்கத்திடம் யார் சொல்வது? இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். பூஜை முடியும்வரை போர்டுகள் வெள்ளைத்துணிக்குள் இருந்தன. துணியை எடுத்தார்கள், இவரைக் கூப்பிட்டார்கள், தன் காயை அடுக்கி அடித்தார்.

"மேஸ்திரி, காய்க்கு உடம்பு பூசிக்கிச்சா?" என்றது பின்வரிசை. சிரிப்பு கொஞ்சம் சுற்றிவந்து அடங்கியது. வாசு அவர் காதருகே குனிந்து, "அண்ணே, போர்டோட காயும் வந்துகீது. மாத்திக்கலாமா?" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். எனக்கே கேட்டது.

ஜம்புலிங்கம் தலையாட்டினார். ஒரு காய் விளிம்பில் இறுகியிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தும் வரவில்லை. போர்டுக்கு அடியில் கையை விட்டு, குழி வலைக்குள்ளிருந்து விரலால் மேலே தள்ளினார். மாலை போர்டின் மேல் புரண்டு பூ உதிர்ந்தது. அதையும் அவரே பொறுக்கினார். அதுவரை சிரித்தவர்கள் எல்லோரும் பொரியைத் தின்பதில் மும்முரமானார்கள்.

அதற்குப் பிறகு அவர் பட்டறையின் கடைப் பலகை திறக்கவில்லை. "இன்னா சாரதா, கடை?" என்று சும்மா கேட்டேன். "அவருக்கு ஜொரம்க்கா." ஜுரக்காரர் வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு மணத்தது. பட்டறைச் சத்தம் மட்டும் இல்லை. சொல்லிக்காட்டுவாள் என்று நானும் ஜன்னலோரம் காத்திருந்தேன். சாரதா வாயே திறக்கவில்லை. அதைத்தான் அந்த மனிதரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை டிரில்காரர் ஏசுபாதம் வந்து பலகையைத் தட்டினார்.

"ஜம்பண்ணே, உள்ள கீறீங்களா? அந்தச் சின்ன ஸ்ட்ரைக்கர் எனுக்கு விரல்லயே தெர்ல. கிளப்புல தூக்கிப் போட்ட பழைய போர்டு ஒண்ண வூட்டுக்கு எடுத்தாந்துட்டேன். ஒரு செட்டு காய் குடுங்க."

 ஒரு பலகை மட்டும் நகர்ந்தது. ஜம்புலிங்கத்தின் முகத்தைப் பார்த்துவிடலாமென்று கழுத்தை நீட்டினேன். வந்தது கைதான். காய்ப் பெட்டியைக் கொடுத்தது, உள்ளே போனது, தனியாகச் சிவப்புக் காயை எடுத்துவந்து ஏசுபாதத்தின் விரல்களில் வைத்தது. காய் வந்து சேர்ந்தது அந்த விரல்களுக்குத் தெரியவில்லை. அது நழுவித் தெருவில் உருண்டு என் வாசற்படியில் முட்டி நின்றது.

ஏசுபாதம் குனிந்து தன் காலடியில் தேடினார். பலகைக்கு வெளியே மணிக்கட்டுவரை நீண்டிருந்த கை அதற்குமேல் வரவில்லை. காய் உருண்ட திசையில் ஒரு விரலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.