பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு வால்வு

வரைபடத்தைச் சரிபார்க்க எல்லோரும் கூடுவது மூன்று மாதத்தில் இது ஐந்தாவது முறை. வி.ஆர். கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டால், இன்னும் கட்டாத பாய்லர் அறைக்குள் போய் நிற்கலாம். அதன் குழாய்களை எல்லாம் கணினியில் வரைந்தவள் நான். ராத்தூக்கம் போய்க் கண் எரிந்தது. இன்று மேனேஜர் கையெழுத்து விழுந்துவிட்டால் நாளை முதல் லீவு. படுக்கையில் கிடக்கும் அம்மாவைத் தனியாளாகப் பார்த்துப் பார்த்து அக்கா ஓய்ந்துபோயிருந்தாள். நாளை வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தேன்.

மேனேஜர் பொத்தானை அமுக்கி ஜிவ்வென்று மேலே பறந்தார். வெளியிலிருந்து பார்க்க, சுவரைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரிக்கிற மனிதர், அவ்வளவுதான். இதுவரை வந்த எல்லோருமே பறந்தார்கள். நடக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

"பிரமாதம்! வால்வு கைக்கே எட்டுது," என்றார்.

கடைசியாக ஆபரேட்டர் அண்ணன் மாட்டிக்கொண்டார். அந்த அறையில் வேலை பார்க்கப்போகிறவர் அவர்தான். பொத்தானைத் தொடவேயில்லை. அடிமேல் அடி வைத்து நடந்துபோய் நின்று, அண்ணாந்து பார்த்தார்.

"ஏணி எங்கம்மா?"

இரண்டாவது சுற்றில் ஒரு குழாய் இடிக்கிறதென்று ஏணியை அழித்தது நான்தான். அப்புறம் வைக்கலாம் என்று விட்டது, விட்டதுதான்.

"அந்தப் பட்டனை அமுக்குங்க, மேல போயிடலாம்," என்றார் மேனேஜர்.

"இங்க போயிடலாம் சார். அங்க ஸ்டீம் கசிஞ்சா வால்வை மூட நான் எப்படிப் பறக்கறது?"

மேனேஜர் சலித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏணிதானே, கட்டும்போது வச்சுக்கலாம். என்னம்மா சொல்ற?"

ஏணிக்கு அங்கே இடமே இல்லை என்பது எனக்குத்தான் தெரியும். தலையை ஆட்டினால் போதும், நாளை அக்கா தூங்குவாள். ஆட்டிவிடலாம் என்றுதான் இருந்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

"இடமில்ல சார். மூணு குழாயை நகர்த்தணும். பத்து நாள் ஆகும்."

வராந்தாவுக்கு வந்து அக்காவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்றாள். கோபமில்லை, அதற்கும் தெம்பில்லை.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா கூப்பிடுவது கேட்டது. "இதோ வரேன்மா," என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

உள்ளே போய், ஏணியை வரைய உட்கார்ந்தேன்.