தொட்டித் தண்ணீர் தெளிந்த பிறகு

தாண்டவராயன் வீட்டுத் தோட்டத்தில் மீன்தொட்டி கட்டி இரண்டு வருடம் ஆகியும், அதிலிருந்த மீன்களை யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. தண்ணீர் அவ்வளவு பச்சை. வாரம் ஒருமுறை, அங்கே வேலை செய்யும் சிட்டம்மாள் பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டி, தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீர் விடுவாள். நாலாம் நாள் மறுபடி பச்சை ஏறிவிடும். பொரி தூவினால் மட்டும் மேலே வாய்கள் திறந்து மூடும்.

எண்பத்தாறாம் வருடம் ஐப்பசியில், சிங்கப்பூரிலிருந்து வந்த தாண்டவராயனின் மைத்துனர் ஒரு கருவி கொண்டுவந்தார். கருப்புக் குழாய், உள்ளே புற ஊதா விளக்கு. மோட்டார் தண்ணீரை இழுத்து விளக்கைச் சுற்றி ஓடவிடும். கதிர் பட்ட பாசி திரண்டு, பக்கத்துப் பெட்டியின் பஞ்சில் தங்கிவிடும். உத்திரமேரூர் எலக்ட்ரீஷியன் வந்து ஸ்டெபிலைசரோடு மாட்டிக்கொடுத்தான்.

"காலைல வந்து பஞ்ச மட்டும் அலசி வை. கொயாயத் தொறந்து வெளக்கப் பாக்காத, கண்ணு பூடும்" என்றார் தாண்டவராயன்.

பத்தாம் நாள் தொட்டியின் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. இருபத்திரண்டு மீன்கள். சிவப்பு, வெள்ளை, நெற்றியில் கருப்புப் புள்ளி வைத்த ஒன்று. பெருநகர் மாதிரிப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சிட்டம்மாளுக்கும் சந்தோஷம்தான். தினம் பஞ்சை அலசிவிட்டுக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

கார்த்திகையில் மீன்கள் குறையத் தொடங்கின. பத்தொன்பது. பிறகு பதினாறு. பிறகு பதினொன்று.

அந்த வாரம்தான் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து ஓடியது. சிட்டம்மாளின் தெருவில் எல்லா வீட்டிலும் மீன்குழம்பு. அவள் புருஷன் சின்னப்பையனும் கலங்கலில் வலை போட்டுக் கெண்டை பிடித்து வந்திருந்தான். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது தாண்டவராயன் இரண்டு ஆட்களோடு தெருவுக்குள் வந்தார். அந்தத் தெருவுக்கு அவர் வந்ததே அன்றுதான்.

"சட்டிய வெளிய கொண்டா."

"எதுக்கு ஆண்டே?"

"தினம் தொட்டிகிட்ட குந்திக்கினு கீறியாமே, இன்னா பாக்கற?"

பதில் சொல்வதற்குள் ஆட்களில் ஒருவன் சட்டியைத் தூக்கி வந்து வாசலில் கவிழ்த்தான். அவர் கைத்தடியால் துண்டுகளைப் புரட்டினார்.

"செவப்பா கீதே."

"மொளகா போட்டா செவப்பாத்தான் இருக்கும் ஆண்டே. இது ஏரிக் கெண்ட. வேணும்னா தலயப் பாருங்க."

"நாளயிலேருந்து நீ வராத" என்றார். தெரு முழுக்கக் கேட்கும்படி, "கையில எடுத்துச் சோறு போட்டா, தொட்டியில கை வெக்கிறாளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னப்பையன் தலை குனிந்து நின்றான். நாய்கள் வந்து குழம்பை நக்கின. அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஆள் வந்தது. பஞ்சு அடைத்துக்கொண்டதாம், தண்ணீர் ஓடவில்லையாம். சிட்டம்மாள் போனாள். தொட்டியின் மேல் நைலான் வலை இழுத்துக் கட்டியிருந்தது.

"வல எதுக்கும்மா?" என்று தாண்டவராயனின் மனைவி கோவிந்தம்மாளைக் கேட்டாள்.

"அந்த அநியாயத்த ஏன் கேக்கற? மடையான் கொக்கு வந்து குந்திக்கினு ஒண்ணு ஒண்ணா கொத்திக்கினு போயிருக்குது. நானே கண்ணால பாத்தேன். முன்ன தண்ணி பச்சயா இருந்திச்சி, அதுக்குத் தெரியல. இப்ப பளிச்சுனு தெரியுதில்ல?"

"ஆண்டேக்குத் தெரியுமா?"

"அவருதான் வல கட்டனாரு. அது ஆச்சி பத்து நாளு."

சிட்டம்மாள் பஞ்சைத் தொடவில்லை. தாண்டவராயன் வெளியே வரும்வரை கிணற்றடியில் நின்றாள்.

"நான் எடுக்கலன்னு தெரிஞ்சி பூட்ச்சா ஆண்டே?"

"அதான் கூப்ட்டு அனுப்பனேனே. வேலயப் பாரு."

"எங்க தெருவுல வந்து சொன்னீங்க. அங்கயே வந்து, இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் நாளயிலேருந்து வரேன்."

அவர் முதலில் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "கொக்கு துன்னதுக்கு நான் ஒன் தெருவுக்கு வந்து நிக்கணுமா? யாருகிட்ட பேசற நீ?"

"அப்ப பஞ்ச நீங்களே அலசிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும், "ஏன்டி இப்படிப் பண்ண? இனிமே எவன் கூப்டுவான் நம்மள?" என்று சின்னப்பையன் கத்தினான்.

அவன் சொன்னபடியே ஆயிற்று. தை நடவுக்கு ஊரில் ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. அடுத்த வீட்டு அம்முலுவைக் கூப்பிட்டார்கள், எதிர்வீட்டாரைக் கூப்பிட்டார்கள். சிட்டம்மாள் முதல் பஸ் பிடித்துச் சாலவாக்கத்துக்கு நடவுக்குப் போனாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. அது அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள், பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவள் ஊரைக் கேட்டாள். சிட்டம்மாள் சொன்னாள்.

"அட, அந்த ஊரா? அங்கதான ஒருத்தி கலர் மீன குழம்பு வெச்சித் துன்னாளாம்? பத்து மீனாமே! உனக்குத் தெரியுமா அவள?"

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தவள் நிமிர்ந்து பார்த்தாள், கதை கேட்கும் ஆவலோடு.

மடையானைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள் சிட்டம்மாள். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். தானே அவள் என்றால் நாளைக்கு இங்கேயும் வேலை இருக்காது.

"தெரியும்" என்றாள். "எங்க தெருவுதான்."

"எப்படி இருந்திச்சாம் ருசி?"

"நான் கேக்கல" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாற்றுக்கட்டை அவிழ்த்தாள்.