பிந்தி வந்த குரல்

கடத்தூர் மண்டியில் தக்காளி ஏலம் விடுகிற முனிராஜ் திங்கட்கிழமை கூவியது செவ்வாய்க்கிழமைதான் காதில் விழுந்தது. காய்ச்சலில் படுத்து எழுந்தபின் அப்படி ஆனது. வாய் அசையும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் மட்டும் வராது. மறுநாள் அதே நேரத்துக்கு, அவர் நின்ற இடத்தில், ஆளில்லாமல் வந்து கூவிவிட்டுப் போகும். ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் கரண்டும் அப்படித்தான் நேரங்கெட்ட நேரத்தில் வந்துகொண்டிருந்தது. அமாவாசைக்கு மண்டி லீவு. அன்றைக்கும் குரல் வந்து வெறுங்களத்தில் முந்தின நாள் தக்காளியை ஏலம் விட்டது. அந்தப் பக்கம் போன வியாபாரி சவுரியப்பன் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டார். மூணு தரம் சொல்லிவிட்டால் பெற்ற பிள்ளையே வந்து கெஞ்சினாலும் ஏலத்தைத் திருப்பக்கூடாது என்பது மண்டி வழக்கம். இல்லாத தக்காளிக்கு அவர் வண்டியோடு வந்து நிற்க, நியாயம் பேசி ஓய்ந்தவர்கள் வேறு தக்காளியை ஏற்றி அனுப்பிவிட்டு முனிராஜை வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

வீட்டில் உட்கார உட்கார குரல் இன்னும் பிந்தியது. அவர் கேட்ட தண்ணீர், குடித்து ஒரு வாரம் ஆனபின் கேட்கப்பட்டது. மனைவி அம்பிகா முகத்தைப் பார்த்தே எதையும் எடுத்துக் கொடுக்கப் பழகிக்கொண்டாள். வீட்டு போர்வெல்லில் தண்ணீர் நின்றுபோன அன்று, வேலை போன ஆத்திரமும் சேர்ந்துகொள்ள, முனிராஜ் அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டார்: "நீ கால் வெச்ச நாள்லருந்து இந்த வூடு வெளங்கல."

சத்தம் வரவில்லை. "என்னங்க சொன்னீங்க?" என்றாள் அம்பிகா. அவர் ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். ஆனால் வார்த்தை கிளம்பிவிட்டது. அடுத்த வாரம், இதே அடுப்படியில், அவள் களி கிண்டும்போது வந்து சொல்லிவிடும். சொன்னதைத் திருப்பி அறியாத தொழில் அவருடையது. மறுநாளே தர்மபுரிக்குக் கிளம்பினார், அதை எப்படியாவது நிறுத்திவிட. வைத்தியத்துக்கு இப்போதாவது மனசு வந்ததே என்று அம்பிகா சந்தோஷமாகக் கூடவே வந்தாள்.

தொண்டை டாக்டர் பிரியதர்ஷினி அவர் நாக்கைப் பிடித்துக்கொண்டு, கேமரா வைத்த கம்பியை உள்ளே நீட்டி, "ஈன்னு சொல்லுங்க" என்றார். சத்தம் வரவில்லை, படம் வந்தது. முருங்கைப்பூ இதழ் மாதிரி இரண்டு வெள்ளை மடிப்புகள். விட்டு விட்டு மின்னும் விளக்கைப் போட்டதும், கண்ணுக்குப் பிடிபடாத துடிப்பு திரையில் மெதுவாகி அலையலையாகத் தெரிந்தது. இடது மடிப்பு அசையவே இல்லை. வலது மடிப்பு நடுக்கோட்டைத் தாண்டிப் போய் அதைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது.

"இடது பக்கம் வாதம்மா. காய்ச்சலுக்கு அப்பறம் சில பேருக்கு வரும். அதுக்கும் சேத்து இது உழைக்குது பாருங்க" என்றார் டாக்டர்.

இத்தனை வருஷம் தான் கூவியதெல்லாம் இந்தத் துளித் தோல் இரண்டும் பட்ட பாடா என்று முனிராஜுக்கு மெய்சிலிர்த்தது. அப்போதுதான் பார்த்தார்: மடிப்புகளுக்கு நடுவே அந்த வார்த்தை காத்துக்கொண்டிருந்தது.

வெளிச்சம் பட்டதும் அது நாளுக்குக் காத்திராமல் கிளம்பியது. ஆனால் திரையில் ஓடிய அந்த மெதுவான வேகத்தில்தான் அதனால் வர முடிந்தது. ‘நீ’ முடிவதற்குள் அம்பிகா வாங்கி வந்த டீ ஆறிப்போனது. டாக்டர் கம்பியை எடுத்துவிட்டு, அடுத்தவர்களைப் பக்கத்து அறையில் பார்க்கப் போனார். முனிராஜ் வாயைப் பொத்தினார். குரல் கைக்கு வெளியே தன்போக்கில் வந்தது. வெளியே போய்விடு என்று அவளைச் சைகையில் கெஞ்சினார். அம்பிகா ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். ‘கால்’ வந்தபோது சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவருக்கும் பங்கு வைத்தாள். ‘வூடு’ வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அத்தனை மெதுவாக வந்ததில் கோபம் வழியிலேயே உதிர்ந்துபோய், ஒவ்வோர் எழுத்துக்கு அடியிலும் இருந்த நடுக்கம் தனியாகக் கேட்டது. அப்படியொரு பயத்தை அவள் எந்தக் குரலிலும் கேட்டதில்லை.

"வார்த்த வலிக்குதுங்க. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றாள், எல்லாம் முடிந்தபின். "ஆனா இவ்ளோ பயத்த ஒத்தையாவா வெச்சிருந்தீங்க?"

வீடு திரும்பியதும் அடுப்படியில் முனிராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகைச் சத்தம் அடுத்த வாரம் அதே இடத்தில் கேட்டது; அம்பிகா அடுப்பைத் தணித்துவிட்டு அதையும் உட்கார்ந்து கேட்டாள். டாக்டர் சொல்லித்தந்த பயிற்சியில் இப்போது குரல் ஒரு மூச்சு நேரம்தான் பிந்துகிறது. அவர் வாய் அசைவது தெரிந்தால் அம்பிகா மிக்ஸியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள்.