பழைய காரின் ஸ்டீயரிங்

ஷோரூமுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தம்புது ஸ்போர்ட்ஸ் காரை மலையடிவாரத்தில் நிறுத்திவிட்டு, "கைக்கு ஒண்ணுமே வரல" என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் அவர் விரல்களைப் பார்த்தேன். கார்ப் பத்திரிகையில் அவர் எழுதாத இதழ் கிடையாது. எந்தக் காரானாலும் கை என்ன சொல்கிறது என்பதுதான் அவருக்கு முதல் பேச்சு. சாலையின் சொரசொரப்பு, டயரின் பிடி எல்லாம் ஸ்டீயரிங் வழியாக விரலுக்கு வந்து சேரும் என்பார். சொகுசு என் இலாகா. முதுகு வலிக்கிறதா, முழங்கால் இடிக்கிறதா, பேசினால் காதில் விழுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து நான் முனகுவதை எல்லாம் 'வீட்டு நீதிபதியின் தீர்ப்பு' என்று கட்டுரையில் போட்டுவிடுவார்.

புதுக் காரில் கைக்கு ஒன்றும் வராதது அதிசயமில்லை. அது தாலாட்டுகிற ரகம். இருக்கை என் இடுப்பைத் தாங்கிக்கொண்டது, பள்ளம் வந்ததே தெரியவில்லை. என் பயம் வேறு. சில மாதங்களாக அவர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிறார். விரல் மரத்துப்போகிறது. கேட்டால், தூக்கத்தில் கை அழுந்திவிட்டது என்று சாக்கு. டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுகிறார். இனிமேல் ஓட்டாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டால் அவருக்கு வேறு பிழைப்பும் தெரியாது, வேறு பேச்சும் தெரியாது.

"பழசுல ஏறினாத் தெரிஞ்சிடும் வித்தியாசம்" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

கட்டுரையில் புதுசோடு ஒப்பிடுவதற்கான பழைய கார் ஒரு பல் டாக்டருடையது. எங்கள் கல்யாணத்தைவிட வயதானது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பா மாதிரி ஆயிரம் புத்தி சொல்லித்தான் மனிதர் சாவியைக் கொடுத்தார். நான் உடம்பை நாலாக மடித்து உள்ளே போனேன். கிளம்பியதும் ஒவ்வொரு கல்லும் என் முதுகெலும்பைத் தனித்தனியாக விசாரித்தது. வழக்கமாக இந்த மாதிரிக் காரில் முதல் வளைவு தாண்டுவதற்குள் அவர் வாய் ஓயாது. இன்றோ, கையைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார்.

நேரான இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்தார். "நீ கொஞ்சம் ஸ்டீயரிங்கப் பிடி."

எட்டிப் பிடித்தேன். முழங்கை வரைக்கும் அதிர்ந்தது.

"என்ன வருது?"

"உங்களுக்கு வரலையாங்க?"

"கேட்டதுக்குச் சொல்லேன்."

சொல்ல மனமில்லை. ஆனாலும் சொன்னேன். "நடுங்குது. பொடிக்கல்லு மேல ஒரு மாதிரி, தாரு வந்ததும் வேற மாதிரி. லேசா வலது பக்கம் இழுக்குது."

அவர் உதடு அசைந்தது. நான் சொன்னதைக் கட்டுரை வாக்கியமாக மாற்றி மனப்பாடம் செய்கிறார் என்று புரிந்ததும் எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"திரும்பிடலாங்க. நேரா போயி டாக்டர்கிட்ட கையைக் காட்டுவோம்."

"கட்டுரை முடியட்டும்."

"கட்டுரையில நீங்க எங்க இருக்கீங்க?"

அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். உச்சி வரை ஏறித் திரும்பினோம். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் நான் இருக்கையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடிவாரத்தில் பல் டாக்டர் பல்லெல்லாம் தெரியக் காத்திருந்தார். "இதக் குடுத்தா ரெண்டு புதுக் கார் வாங்கலாம், தெரியுமா சார்?"

"பின்ன? புதுசு ஷோரூம் வாசலத் தாண்டினதும் விலை எறங்கிடும். இது நின்ன எடத்துலயே ஏறுது" என்று உற்சாகமாகப் பேசியபடியே என் வீட்டுக்காரர் டயரைக் குனிந்து பார்த்தார். எழுந்திருக்க, கதவுக்குக் கீழே வெளியே ஓடும் புகைக்குழாயில் கையை ஊன்றினார். ஊன்றியபடியே அந்த எஞ்சினின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பல் டாக்டரின் சிரிப்பு நின்றது. "சார்... அது கொதிக்குமே."

நான் பாய்ந்து கையைப் பிடுங்கித் திருப்பினேன். உள்ளங்கைத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. எவ்வளவு சுட்டிருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்.