கணினியில் ஒருவர், போனில் இருவர்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. வேலை நேரத்தில் வந்த ஒரு மின்னஞ்சலில் கிடைத்தது. அதற்கு நான் அனுப்பிய பதிலில் ஒரு தப்பு இருந்தது. அதை இப்போதே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை முழுக்க அடுத்தவர் தலையில் பழியைப் போட்டுக்கொண்டே போவேன்.

என் வேலை இதுதான். இணையதளம் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குத் தீம் என்று ஒன்று தயாராகக் கிடைக்கிறது, தைத்து வைத்த சட்டை மாதிரி. நிறம், எழுத்து, படம் எல்லாவற்றையும் தங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். டிசைன் தெரியாதவர்கள் மாற்றப் போய் எங்காவது மாட்டிக்கொண்டால் எனக்கு எழுதுவார்கள். 'தலைப்பு தொலைந்துபோய்விட்டது, காப்பாற்றுங்கள்' என்று ஒரு பல் மருத்துவர் எழுதியிருந்தார். அவருடைய தலைப்பு வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அங்கேயேதான் இருந்தது. எனக்கு இவர்களைப் பிடிக்கும்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்...'

(மழையெல்லாம் பெய்யவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: 'அக்காவும் தங்கையும் சோபாவுக்கு உறை தைக்கும் கடை ஒன்றை நடத்தினார்கள். அக்கா வெட்டுவார், தங்கை தைப்பாள்.'

இது இருக்கட்டும். (அக்காவை 'வெட்டுவாள்' என்று எழுதக் கை வரவில்லை. என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர்.)

சண்டைக்குக் காரணம் ஒரு கோடு போட்ட துணி. கோடு நெடுக வர வேண்டிய இடத்தில் அக்கா குறுக்கே வெட்டிவிட்டார். துணி கொடுத்தவர் எதிரிலேயே தங்கை, "அக்காதான் தப்பா வெட்டிட்டா" என்று போட்டு உடைத்தாள். சொன்னது உண்மைதான். ஆனாலும் அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆள் போனதும், "அவ்வளவு தெரிஞ்சவ நீயே வெட்டித் தச்சுக்கோ, இனிமே இங்க வராத" என்றார். தங்கை வரவில்லை. இரண்டு மாதம் ஆயிற்று.

இதெல்லாம் அக்கா பின்னால் போனில் சொன்னது. மின்னஞ்சலில் இருந்தது ஒரே வரி: ''எங்களைப் பற்றி' பக்கத்தில் இரண்டு படம் உள்ளது. ஒரு ஆளை எடுக்க வேண்டும்.'

3

நான் வழக்கமான பதிலை அனுப்பினேன். படத்தைத் தொடுங்கள், வலது பக்கம் கண் மாதிரி ஒரு குறி இருக்கும், அதை அழுத்துங்கள், சேமியுங்கள். சிவப்பு அம்பு போட்ட படம்கூட இணைத்தேன். அன்று எனக்கு அப்படி முப்பது பதில்கள்.

அங்கே கண் ஒன்றல்ல, மூன்று. கணினிக்கு ஒன்று, டேப்லெட்டுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. எதில் மறைக்க வேண்டுமோ அதைத் தனித்தனியாக அழுத்த வேண்டும். இதை நான் எழுதவில்லை. அக்கா முதல் கண்ணை மட்டும் அழுத்தினார். கடைக் கணினியிலிருந்து தங்கை மறைந்தாள். அக்கா கையில் இருப்பது பேச மட்டும் உதவுகிற பட்டன் போன். அதனால் மற்றதை அவர் பார்த்திருக்க வழியில்லை.

4

வியாழக்கிழமை மதியம் அவரே கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க சொன்ன மாதிரியே எடுத்துட்டேன். ஆனா அவளுக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

"யாருக்கு மேடம்?"

"மேடம் கீடம்லாம் வேண்டாம். என் தங்கச்சிக்கு. இப்பதான் போன் பண்ணா. தினமும் அவ போன்ல நம்ம பக்கத்தத் திறந்து பாப்பாளாம். 'என் படத்த நீ எடுத்திருப்பன்னு நெனச்சேன் அக்கா, நீ எடுக்கவே இல்ல'ன்னு ஓன்னு அழறா. சனிக்கிழமை காலையில கடைக்கு வரேன்னு சொல்லிட்டு வச்சுட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? வாயே வரல."

மூன்று கண்களைப் பற்றிச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். பிறகு, "போன்ல மறைக்கறது எங்க?" என்று கேட்டார். சொன்னேன். "கம்ப்யூட்டர்ல திரும்ப வர வைக்கறது?" அதையும் சொன்னேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

"சரிப்பா," என்று வைத்துவிட்டார்.

5

முடிவு, முதல் வரைவு: அக்கா போனிலும் மறைத்துவிடுகிறார்.

(இதை எழுதிவிட்டு எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. அழுதுகொண்டு பேசியவளுக்கு இப்படிச் செய்யக்கூடியவர் அல்ல அவர்.)

முடிவு, இரண்டாம் வரைவு: அக்கா படத்தைத் திரும்பக் கொண்டுவருகிறார். தங்கை வருகிறாள். இருவரும் கட்டிக்கொண்டு...

இதைப் படித்த என் மனைவி கண்ணாடியைக் கழற்றினாள். அது நல்ல சகுனம் இல்லை.

"ரெண்டு பேரும் சேரட்டும், வேண்டாங்கல. ஆனா தங்கச்சி எதை நம்பி வரா? அக்கா எடுக்கலன்னு. அக்கா எடுத்தா இல்லையா?"

"எடுத்தாங்க. ஆனா திரும்ப வச்சுட்டாங்களே."

"வச்சா சரியாப் போச்சா? காலம் பூரா அத மனசுல வச்சுக்கிட்டு தங்கச்சி எதிர்ல அக்கா எப்படித் துணி வெட்டுவா?"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

6

வெள்ளிக்கிழமை மாலை ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். உதவி கேட்கிறவர்கள் தங்கள் தளத்துக்குள் நுழைய எங்களுக்குத் தற்காலிகக் கடவுச்சொல் கொடுப்பார்கள். அவருடையது என்னிடம் இருந்தது. உள்ளே போய் நானே படத்தைத் திரும்ப வைத்துவிடலாம், அக்கா எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்காது என்று நினைத்தேன். என் தப்பை நானே சரி செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதைக்கும் ஒரு முடிவு கிடைத்துவிடும்.

பக்கத்தைத் திறந்ததும் ஒரு பெட்டி வந்து மறித்தது.

'உரிமையாளர் இப்போது இந்தப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.'

கீழே இரண்டு பொத்தான்கள். 'நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.' 'திரும்பிப் போங்கள்.'

அக்கா உள்ளே இருந்தார். அந்த மூன்று கண்களுக்கு எதிரே, கடையில் தனியாக, சுட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. முதல் பொத்தானை அழுத்தினால் அவர் வெளியே தள்ளப்படுவார். கதை எழுதுகிறவன் தன் பாத்திரங்களுக்குத் தினமும் செய்கிற வேலைதான் அது, கூச்சமே இல்லாமல்.

நான் திரும்பிப் போனேன்.

7

அதனால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். திங்கட்கிழமை அந்தத் தளத்தைத் திறந்து பார்த்துச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். இன்றுவரை நான் திறக்கவில்லை.

இனி இந்தப் பக்கம் உங்கள் கையில். சனிக்கிழமை காலை. தங்கை கடைக்குள் வருகிறாள். மேசைமேல் கணினித் திரை ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. அதில் ஒருவர் இருக்கிறாரா இருவர் இருக்கிறார்களா என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். இருவர் என்று எழுதினால், தங்கை அதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றும் எழுதினால், அதோடு நிறுத்திவிடாதீர்கள். அக்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "இங்க பாருடி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிக்கிற வரைக்குமாவது கூட இருங்கள்.