மார்பைக் காலி செய்த விவரம்

என் மார்பகங்களை அகற்ற வேண்டுமானால், அவை எத்தனை வருடமாக என்னிடம் குடியிருக்கின்றன என்பதற்குச் சான்று கொண்டுவர வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நியாயமாகத்தான் பட்டது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, என் நாட்குறிப்புகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அவை எனக்குப் பதின்மூன்று வயதில் வந்தன. வளரும் பையன்களுக்கு வருவதுதான், பெரும்பாலும் தானாகப் போய்விடும் என்று டாக்டர் ஜெபசெல்வி சொல்லியிருந்தார். எனக்குப் போகவில்லை. சட்டைக்குள் இரண்டு பனியன் போடுகிறேன். கொஞ்சம் கூனி நடக்கிறேன். இதுவரை இதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை நீலா அக்காவுக்குக் கல்யாணம். கோவிலில் நடக்கிறது. நாகர்கோவில் பக்கம் பல கோவில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் வீட்டு வழக்கப்படி, பெண்ணின் தம்பி மாப்பிள்ளையைக் கைபிடித்து வாசலிலிருந்து மணவறைவரை கூட்டிவர வேண்டும். அக்காவுக்கு வேறு தம்பி கிடையாது.

"முடியலன்னா இப்பமே சொல்லுடே தாணு," என்றாள் அக்கா. "பெரியப்பா மகனைக் கூட்டிவரச் சொல்லுகேன். அவன் வீட்டுலயே சட்டை போடமாட்டான்."

"நான் வாறேன்."

"வாறேன்னுதான் சொல்லுவ. வாசல்ல நின்னு பனியனைப் பிடிச்சிக்கிட்டு முழிப்ப."

காலி செய்யும் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்துக்கு இரண்டு மாடிதான். வழி கேட்டு ஏறினேன்.

எழுத்தர் மாசானமுத்து என் நாட்குறிப்புகள் அனைத்தையும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்து முடித்தார். ஞாயிறுதோறும் நான் இஞ்ச் டேப்பால் வலது, இடது என்று அளந்து எழுதி வைத்திருந்தேன்.

"பன்னெண்டு வருஷம் நாலு மாசம்," என்றார். "விடாம இருந்திருக்கு."

"ஆமா சார்."

"பன்னெண்டு தாண்டிட்டா குடியிருக்கவங்களுக்கு உரிமை வந்திரும். இனி அதுகதான் ஓனர். நீருதான் காலி பண்ணணும்."

"நான் எங்க சார் போவேன்?"

"அது வேற பிரிவு."

எல்லாம் என் ஒழுங்கினால் வந்தது. சோம்பேறியாக இருந்திருந்தால் சான்றே இருந்திருக்காது. பையை மடித்தேன். வெள்ளிக்கிழமை பெரியப்பா மகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பது கண்ணில் தெரிந்தது.

"இது என்ன, எல்லா அளவுக்கும் பக்கத்துல கேள்விக்குறி?"

"சரியா அளந்தேனான்னு சந்தேகம் சார்."

"எல்லா ஞாயித்துக்கிழமையுமா?"

"ஒருதடவை போடல. அது ஞாயித்துக்கிழமைதானான்னு சந்தேகம்."

அவர் நாட்குறிப்பை மூடினார். "நிச்சயமில்லாத குடியிருப்பைக் கணக்குல எடுக்க முடியாது. சட்டையைத் தூக்கும்."

தூக்கினேன். இரண்டு பக்கமும் 'காலி செய்க' என்று ரப்பர் முத்திரை குத்தினார். மை குளிர்ந்தது.

புதன்கிழமை அறுவை. டாக்டர் ஜெபசெல்வி என் மார்பில் பேனாவால் கோடு போட்டார். நல்ல கை. நான் மாலை வகுப்பில் கட்டட வரைபடம் படிக்கிறேன், அதனால் ஒரு குறை தெரிந்தது.

"விகிதம் எழுதலையே டாக்டர்."

"ஒண்ணுக்கு ஒண்ணு," என்றார்.

நூறிலிருந்து கீழே எண்ணச் சொன்னார்கள். பூஜ்ஜியம் வந்தது, தூக்கம் வரவில்லை. நிறுத்தச் சொல்லாததால் தொடர்ந்தேன். மைனஸ் நாற்பதில் வலது பக்கம் முடிந்தது. மைனஸ் தொண்ணூறில் இடது. இரண்டும் ஒரு தட்டில் நுங்கு போல இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டன. என்னிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

டாக்டர் எனக்கு ஓர் இறுக்குப் பனியனை மாட்டினார். "ஆறு வாரத்துக்கு இதைக் கழட்டக் கூடாது."

"நாளை மறுநாள் கல்யாணம் டாக்டர்."

"கல்யாணமும் நடக்கட்டும். ஆறு வாரமும் ஆகட்டும்."

வியாழக்கிழமை மாலை வகுப்புக்குப் போனேன். விடுப்பு எடுத்திருக்கலாம். எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். செல்வின் சார் படிக்கட்டு வரையச் சொன்னார். எல்லோருடைய படிக்கட்டும் மேல்மாடியைத் தொடும்வரை மாலை முடியாது என்பது எங்கள் வகுப்பின் விதி. சாதாரணமாக ஆறரை மணிக்கு முடிந்துவிடும்.

என் படிக்கட்டில் ஒரு படி குறைந்தது. அழித்துப் போட்டேன். ஒரு படி கூடியது. அழித்தேன். சூரியன் ஜன்னலில், தண்ணீர்த் தொட்டிக்குச் சற்று மேலே நின்றது.

"எடே, சட்டுனு முடி. வீட்டுல சோறு ஆறிரும்," என்றான் பின்பெஞ்சு கிளாட்வின்.

"அது ஆறி மூணு வாரமாச்சு," என்றார் செல்வின் சார்.

காயம் அரித்தது. பிறகு அரிப்பு நின்றது. வீக்கம் வடிந்தது. நாற்பத்திரண்டாவது நாள் என் கடைசிப் படி மேல்மாடியைத் தொட்டது. வேண்டுமென்றே இழுத்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சூரியன் இறங்கியது. மறுநாள் வெள்ளிக்கிழமை.

கோவில் வாசலில் சட்டையைக் கழற்றினேன். இறுக்குப் பனியனையும் கழற்றினேன். பிறை போல இரண்டு மெல்லிய தழும்புகள் இருந்தன. காற்று நேராக மார்பில் பட்டது. அது அந்த இடத்தில் இவ்வளவு குளிரும் என்று எனக்குத் தெரியாது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மாப்பிள்ளை காரை விட்டு இறங்கவில்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன். அனந்தசிவன் அத்தான் சட்டைக் காலரை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தாணு, கதவைச் சாத்து."

"நேரமாச்சு அத்தான்."

"என்னால கழட்ட முடியாது."

மேல் பொத்தானைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு பனியன். மேலே இருந்தது ஓர் அளவு சின்னது. அப்படித்தான் போட வேண்டும்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சொல்லல. உள்ள போனா எல்லாரும் பாப்பாங்க."

"என்னை யாரும் பாக்கல."

"உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"போன வாரம் இருந்துது அத்தான். அக்கா அதோடதான் என்னை வளர்த்தா. அவ ஒண்ணும் நினைக்கமாட்டா."

"உறுதியா?"

யோசித்தேன். "முக்காலே மூணு வீசம்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். சட்டையைக் கழற்றி, பனியன்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி, ஒழுங்காக மடித்து இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

மணவறை நாற்பது அடி தூரம் என்று கணித்திருந்தேன். நாங்கள் நடக்க நடக்கப் பிரகாரம் நீண்டது. நாதஸ்வரக்காரர் மூச்சு விடாமல் வாசித்தார். அத்தான் ஒரு கையை மார்பில் வைத்துக் கூனி நடந்தார். பத்தாவது தூண் தாண்டியதும் தோள் இறங்கியது. முப்பதாவது தூணில் மார்பிலிருந்த கையை எடுத்து மூக்கைச் சொறிந்தார். அதைத் திரும்ப மார்பில் வைக்க மறந்துவிட்டார்.

தூரத்தில் அக்கா எறும்பளவு தெரிந்தாள். எங்களைப் பார்த்தாள். பக்கத்தில் யாரிடமோ ஒரு காப்பி வாங்கி, மாலையை ஒதுக்கிக்கொண்டு, மெதுவாகக் குடிக்க ஆரம்பித்தாள்.